வீட்டு இன்டர்நெட்: கொடுக்கும் பணமும் பெறும் பயனும்

அரிசி வாங்கச் செல்பவர் தராசைக் கவனிக்கிறார். பெட்ரோல் போடச் செல்பவர் மீட்டர் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்று எட்டிப் பார்க்கிறார். பால் தண்ணீராக இருந்தால் மறுநாள் காலையிலேயே பால்காரரைக் கேள்வி கேட்காத குடும்பம் நம் நாட்டில் இல்லை. இவ்வளவு ஜாக்கிரதையுள்ள நம் ஜனங்கள் மாதந்தோறும் ஐந்நூறும் ஆயிரமும் கொடுத்து வாங்கும் ஒரு சரக்கை மட்டும் அதன் அளவு இன்னதென்று விசாரியாமலே வாங்கி வருகிறார்கள். பிராட்பேண்ட் எனப்படும் வீட்டு இன்டர்நெட் இணைப்பையே சொல்கிறோம். விளம்பரத்தில் எந்த எண் பெரிதாக அச்சிடப்பட்டிருக்கிறதோ அதுவே சிறந்த சரக்கு என்ற எண்ணம் படித்தவர்களிடத்திலும் வேரூன்றியிருக்கிறது.

இஃது அற்ப விஷயமன்று. பரீட்சைக்கு விண்ணப்பம் செய்வதும், உத்தியோகத்துக்கு மனுப் போடுவதும், பட்டா பார்ப்பதும், மின்சாரக் கட்டணம் செலுத்துவதும் இன்று இன்டர்நெட் மூலமாகவே பெரும்பாலும் நடைபெறுகின்றன. 2019-ம் வருஷம் செப்டம்பர் மாதத்தில் கேரள ஹைகோர்ட், ஒரு கல்லூரி மாணவி தொடுத்த வழக்கில், இன்டர்நெட்டை அடையும் உரிமை கல்வி உரிமையிலும் அந்தரங்க உரிமையிலும் அடங்கியதே என்று தீர்ப்பளித்தது. அதற்கு அடுத்த வருஷமே கொள்ளைநோய் வந்து பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபொழுது, அந்தத் தீர்ப்பின் பொருளை ஒவ்வொரு தாயும் தகப்பனும் அநுபவத்தில் உணர்ந்துகொண்டனர். ஆகையால், இந்தச் சரக்கின் அளவை அறியாமல் இருப்பதால் இரு வகை நஷ்டம் ஏற்படுகிறது. வசதியுள்ள குடும்பம் தனக்கு வேண்டாத வேகத்துக்குப் பணம் கொடுக்கிறது. வசதியற்ற குடும்பமோ, ஆயிரம் ரூபாய் இல்லாதவனுக்கு இது எட்டாது என்று நினைத்து, ஐந்நூறு ரூபாய்க்குள் கிடைக்கக்கூடியதையும் கேளாமல் விட்டுவிடுகிறது. இரண்டாவது நஷ்டமே நமக்கு அதிகக் கவலை தருவது.

நம் நாட்டுப் பொது ஜனங்களுக்கு இன்டர்நெட் வந்தது 1995-ம் வருஷம் ஆகஸ்டு 15-ந் தேதி. விதேஷ் சஞ்சார் நிகம் என்ற சர்க்கார் ஸ்தாபனம் அதைத் தொடங்கிய நகரங்களில் சென்னையும் ஒன்று. டெலிபோன் கம்பியில் சீழ்க்கையடித்துக்கொண்டு வந்த அந்த இணைப்பில் ஒரு படம் திறப்பதற்குள் காபி ஆறிவிடும். 2004-ம் வருஷத்து பிராட்பேண்ட் கொள்கை, விநாடிக்கு 256 கிலோபிட் வேகம் இருந்தால் அதை பிராட்பேண்ட் என்று அழைக்கலாம் என்றது. 2013-ல் அந்த எல்லை 512 கிலோபிட்டாயிற்று. 2023-ம் வருஷம் ஜனவரியில்தான் அது 2 மெகாபிட்டாக உயர்த்தப்பட்டது. இந்தப் பத்தொன்பது வருஷங்களில் சர்க்காரின் இலக்கணம் எட்டு மடங்கு வளர்ந்தது. கம்பெனிகள் விற்கும் வேகமோ நூறு மடங்குக்கு மேல் வளர்ந்துவிட்டது. இலக்கணத்துக்கும் சந்தைக்கும் நடுவே உள்ள இந்தப் பெரிய இடைவெளியில்தான் குடும்பஸ்தர் திசை தெரியாமல் நிற்கிறார்.

முதலில் அளவைப் பார்ப்போம். விளம்பரங்களில் காணும் "30", "100", "300" என்பவை விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்பதைக் குறிக்கும். நாம் படங்களையும் கோப்புகளையும் அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். ஆகவே 100 மெகாபிட் இணைப்பில் விநாடிக்கு 12.5 மெகாபைட்தான் வந்து சேரும். நூறு மெகாபைட் கோப்பு ஒரே விநாடியில் இறங்கவில்லையே என்று சண்டை பிடிக்கும் சந்தாதாரரிடத்தில் குற்றமில்லை. இரண்டு அளவைகளுக்கும் ஒரே மாதிரிப் பெயர் வைத்தவர்களிடத்தில்தான் குற்றம்.

இனி, ஒரு சாதாரணக் குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டும்? நெட்ஃபிளிக்ஸ் கம்பெனி தன் சந்தாதாரர்களுக்குத் தெரிவித்துள்ள கணக்குப்படி, தெளிவான முழு எச்.டி. படம் பார்க்க விநாடிக்கு 5 மெகாபிட் போதும். மிக உயர்ந்த தரமான 4-கே படத்துக்கு 15 மெகாபிட் வேண்டும். முகம் பார்த்துப் பேசும் கூட்டத்துக்கோ வகுப்புக்கோ 3 அல்லது 4 மெகாபிட்டுக்கு மேல் செலவாவதில்லை. மாலை எட்டு மணிக்கு ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூடத்தில் டெலிவிஷனில் படம் ஓடுகிறது, அதற்கு 5. மகள் அறைக்குள் இருந்து வகுப்பில் கலந்துகொள்கிறாள், அதற்கு 4. மகன் போனில் கிரிக்கெட் பார்க்கிறான், அதற்கு 3. வீட்டுக்காரர் செய்தி வாசிக்கிறார், வீட்டுக்காரி ஊரிலுள்ள தங்கையிடம் பேசுகிறாள். இரண்டுக்கும் சேர்த்து 3 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 15 மெகாபிட். அந்த வீட்டில் இருப்பது 30 மெகாபிட் இணைப்பாயின், எல்லோரும் ஒரே சமயத்தில் உபயோகித்த பிறகும் பாதி மீந்து நிற்கிறது. டெலிவிஷனை 4-கே ஆக மாற்றினாலும் 25-க்குள் அடங்கிவிடும்.

அப்படியானால் 100-ம் 300-ம் யாருக்கு? பெரிய கோப்புகளை அடிக்கடி இறக்குபவர்களுக்கும் ஏற்றுபவர்களுக்கும். 50 ஜிகாபைட் உள்ள ஒரு விளையாட்டை இறக்க 30 மெகாபிட் இணைப்பில் ஏறக்குறைய 3 மணி 42 நிமிஷம் ஆகும்; 100 மெகாபிட்டில் 1 மணி 7 நிமிஷம் போதும். வீட்டிலிருந்தே படம் தொகுக்கும் தொழிலாளிக்கு இந்த வித்தியாசம் வருமானமாகும். அவர் உயர்ந்த சந்தா கொடுப்பது நியாயமே. மாதத்துக்கு ஒருமுறை விளையாட்டு இறக்கும் பையனுக்காக வருஷம் முழுவதும் அதிகக் கட்டணம் கொடுப்பவர், இரவு படுக்கப் போகுமுன் இறக்குதலைத் தொடங்கச் சொல்வதே சிக்கனம்.

விலைக்கு வருவோம். கட்டணங்கள் அவ்வப்போது மாறுகின்றன. சேரும் நாளன்று உள்ள விலையைக் கேட்டுக்கொள்வது அவசியம். கணக்கின் முறையைக் காட்டுவதற்காக, நம் நாட்டில் இந்த வியாபாரத்தின் போக்கையே மாற்றிய 2020-ம் வருஷத்து விலைகளை எடுத்துக்கொள்கிறோம். அவ்வருஷம் செப்டம்பரில் ஜியோ கம்பெனி 30 மெகாபிட் இணைப்பை மாதம் ரூ. 399-க்கும், 100 மெகாபிட்டை ரூ. 699-க்கும், 150 மெகாபிட்டைப் பல சினிமாச் சந்தாக்களுடன் ரூ. 999-க்கும் கொடுக்க முன்வந்தது. அதே காலத்தில் ஏர்டெல் 40 மெகாபிட்டை ரூ. 499-க்கும், 100-ஐ ரூ. 799-க்கும், 200-ஐ ரூ. 999-க்கும் அறிவித்தது. அக்டோபரில் பொதுத்துறையைச் சேர்ந்த பி.எஸ்.என்.எல். 30 மெகாபிட்டை ரூ. 449-க்கும், 100-ஐ ரூ. 799-க்கும் அறிவித்தது. மூன்றும் சுமார் ஒரு மாதத்துக்குள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு வந்தன என்பதிலிருந்தே போட்டியின் பலன் விளங்கும்.

இந்த எண்களில் ஒன்றுகூட நாம் கொடுக்கும் தொகையன்று. ஒவ்வொன்றின் மேலும் 100-க்கு 18 வீதம் ஜி.எஸ்.டி. உண்டு. ரூ. 399 என்பது ரூ. 470.82 ஆகிறது; ரூ. 449 என்பது ரூ. 529.82; ரூ. 999 என்பது ரூ. 1,178.82. விளம்பரத்தில் வரி ஏன் சிறிய எழுத்தில் ஒளிந்துகொள்கிறது என்று கேட்கலாம். அதைவிடப் பெரிய கேள்வி ஒன்று உண்டு. தங்கத்துக்கு 100-க்கு 3 வரி. மாணவன் படிக்கும் கம்பிக்கு 18. இந்த வரிசையை நியாயமென்று சொல்ல எந்தப் பொருளாதார நிபுணராலும் முடியாதென்பது நம் அபிப்பிராயம்.

கம்பெனியாரின் பிரதிநிதி வீட்டுக்கு வந்தால் ஒரு கணக்குச் சொல்லுவார். "ரூ. 399-ஐ 30-ஆல் வகுத்தால் மெகாபிட் ஒன்றுக்கு ரூ. 13.30 விழுகிறது, ரூ. 699-ஐ 100-ஆல் வகுத்தால் ரூ. 6.99 தான். பாதி விலைக்குக் கிடைப்பதை விட்டுவிட்டு இரட்டிப்பு விலை கொடுப்பீர்களா?" கணக்கு சரி; அதன் பயன் தவறு. நான்கு பேர் உள்ள வீட்டில் பத்து பேருக்குச் சமைத்தால் தலைக்குச் செலவு குறையத்தான் செய்யும். ஆனால் மீந்த சோற்றை யார் சாப்பிடுவது? மேலே சொன்ன வீடு உபயோகிக்கும் 15 மெகாபிட்டைக் கொண்டு வகுத்தால் முதல் சந்தாவில் மெகாபிட்டுக்கு ரூ. 26.60; இரண்டாவதில் ரூ. 46.60. மலிவு எது என்பது இப்பொழுது தலைகீழாகிவிடுகிறது.

"அன்லிமிடெட்", அதாவது வரம்பற்றது, என்ற சொல்லையும் சற்றுக் கிள்ளிப் பார்க்க வேண்டும். மேற்படி சந்தாக்களில் பெரும்பாலானவற்றுக்கு மாதம் 3,300 ஜிகாபைட் என்ற ஓர் எல்லை உண்டு. அதைத் தாண்டினால் வேகம் தடாலென்று குறைக்கப்படும். வரம்புள்ள ஒன்றை வரம்பற்றது என்று சொல்லுவது பாஷைக்குச் செய்யும் அநியாயம் என்பதில் சந்தேகமில்லை. 100 மெகாபிட் இணைப்பை முழு வேகத்தில் இடைவிடாது ஓட்டினால் இந்த எல்லை மூன்றே நாளில் தீர்ந்துபோகும். ஆயினும் நம் குடும்பஸ்தர் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. எச்.டி. படம் மணிக்கு அதிகமாகப் போனால் 3 ஜிகாபைட் எடுக்கும். 3,300-ஐ 3-ஆல் வகுத்தால் 1,100 மணி. முப்பது நாள் கொண்ட மாதத்திலோ 720 மணி நேரமே இருக்கிறது. இரவு பகல் கண் மூடாமல் டெலிவிஷன் ஓடினாலும் எல்லையை எட்ட முடியாது. எல்லை 3,300 அன்றி 300 அல்லது 500 என்றிருக்கும் சிறு சந்தாக்களில்தான் விழிப்பு வேண்டும். அவற்றில் எல்லைக்குப் பின் கிடைக்கும் வேகம் என்ன என்பதைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

நிற்க. 100 மெகாபிட்டுக்குப் பணம் கட்டியவருக்கு 100 வந்து சேருகிறதா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. தெருமுனை வரை வரும் கண்ணாடி இழைக் கம்பி ஒரு வீட்டுக்கென்றே வருவதன்று. ஜிபான் என்று சொல்லப்படும், நம் நாட்டில் பரவியுள்ள முறையில், ஓர் இழையில் விநாடிக்கு ஏறக்குறைய 2,488 மெகாபிட் வருகிறது. அதை வழியில் ஒரு சிறு பெட்டி 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது. எல்லா வீடுகளும் ஒரே கணத்தில் முழு மூச்சாகக் கேட்டால் 32 வீடுகளில் ஒன்றுக்கு 77 மெகாபிட். 64 வீடுகளானால் 38 தான். எல்லோரும் ஒரே கணத்தில் கேட்பதில்லை என்ற நம்பிக்கையின் மேல்தான் வியாபாரம் நடக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து தெருக் குழாய்களுக்கு நீர் விடுவது போன்ற ஏற்பாடு இது. தவறென்று சொல்ல மாட்டோம். பிரிப்புக்குப் பிறகும் 30 மெகாபிட் சந்தாக்காரருக்கு அவருடைய பங்கு முழுவதும் கிடைக்க இடமுண்டு. 300 மெகாபிட் சந்தாக்காரருக்கோ மாலை வேளையில் அந்த உத்தரவாதம் குறைவு. பெரிய எண் வாங்குகிறவர் விலைக்கு வாங்குவது பாதி வேகம், பாதி நம்பிக்கை. தெருவிலுள்ள கம்பிக்கு அப்பால் கம்பெனி எவ்வளவு கொள்ளளவை வாங்கி வைத்திருக்கிறது என்பது மற்றொரு கேள்வி. அதைச் சந்தாதாரர் பார்க்கவே வழியில்லை.

வீட்டுக்குள் நுழைந்த பிறகு நடக்கும் நஷ்டம் இன்னும் வேடிக்கையானது. வைஃபை பெட்டியைக் கம்பி நுழையும் மூலையில், பெரும்பாலும் வாசற்கதவுக்குப் பின்னால், ஆணியடித்து மாட்டிவிட்டுப் போகிறார்கள். இரண்டு கான்கிரீட் சுவர்களைத் தாண்டிப் பின்கட்டு அறைக்குப் போவதற்குள் அலையின் பலம் ஒடுங்கிப்போகிறது. அங்கே உட்கார்ந்து படிக்கும் பெண்ணுக்கு 10 மெகாபிட் கிடைத்தால் அதிகம். உடனே வீட்டுக்காரர் 100-லிருந்து 200-க்குச் சந்தாவை உயர்த்துகிறார். சுவர் அசையவில்லை; ஆகையால் பின்கட்டில் வேகமும் அசைவதில்லை. பெட்டியை வீட்டின் நடுவில் உயரமான இடத்தில் வைக்கச் சொல்லிப் பத்து கஜம் கம்பி அதிகமாக இழுப்பதற்கு ஆகும் செலவு ஒரே ஒரு முறை. உயர்த்திய சந்தாவோ மாதா மாதம். பெட்டியில் இரண்டு அலைவரிசைகள் இருந்தால், 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, சுவர் தாண்டாது. எந்த அறைக்கு எது என்று ஒரு நாள் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம். அளந்து பார்க்க டிராய் என்ற டெலிபோன் ஒழுங்குமுறை ஆணையமே 'மைஸ்பீட்' என்ற செயலியை இலவசமாக விட்டிருக்கிறது.

சினிமாச் சந்தாக்களைச் சேர்த்து விற்கும் தந்திரத்தைப் பற்றி நீட்டி எழுத வேண்டியதில்லை. ஒரு குடும்பம் உண்மையில் பார்க்கும் செயலிகள் இரண்டோ மூன்றோதான். அவற்றைத் தனியாக வாங்கினால் ஆகும் தொகையும், சேர்த்து வாங்கினால் கூடும் தொகையும் என்ன என்று ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தால் போதும். சிலருக்குச் சேர்த்து வாங்குவதே லாபமாக இருக்கும். நாம் மறுப்பது, "பன்னிரண்டு இலவசம்" என்ற சொல்லைக் கேட்டு மயங்குவதைத்தான். வருஷச் சந்தாவை மொத்தமாகக் கட்டினால் ஒரு மாதம் சும்மா கிடைக்கும் என்பதும் நல்ல பேரமே. ஆனால் நம் தெருவில் மழைக்காலத்தில் அந்தக் கம்பி எப்படி நிற்கிறது என்று அறிந்த பிறகு கட்ட வேண்டும். 2023-ம் வருஷம் டிசம்பரில் மிக்ஜாம் புயலின்பொழுது சென்னையில் எத்தனையோ வீடுகள் நாட்கணக்கில் இணைப்பின்றித் தவித்தன. மின்கம்பத்திலும் மரக்கிளையிலும் தொங்கி வரும் கம்பிக்கும் பூமிக்கடியில் வரும் கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தை விலைப்பட்டியல் சொல்லாது. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லுவார்.

"எல்லோர் கையிலும் மொபைல் இருக்கிறதே, வீட்டுக்கு வேறு கம்பி எதற்கு?" என்று கேட்பவர் அநேகர். கேள்வி நியாயமானது, பதிலைக் கணக்கே சொல்லட்டும். 2024-ம் வருஷம் ஜூலையில் மொபைல் கட்டணங்கள் உயர்ந்தபொழுது, நாள் ஒன்றுக்கு 1.5 ஜிகாபைட் வீதம் 28 நாள் கொடுக்கும் ஜியோ ரீசார்ஜ் ரூ. 299 ஆயிற்று. மாதம் என்றால் 28 நாள் என்று இந்தக் கம்பெனிகள் வைத்துக்கொண்டதால் வருஷத்துக்குப் பன்னிரண்டல்ல, பதின்மூன்று முறை கட்ட வேண்டும். ஆளுக்கு ரூ. 3,887. நால்வர் உள்ள குடும்பத்துக்கு ரூ. 15,548. இவ்வளவுக்கும் அந்தக் குடும்பத்துக்குக் கிடைப்பது 28 நாளுக்கு 168 ஜிகாபைட். ரூ. 399 சந்தாவுக்கு வரி உட்பட வருஷம் ஏறக்குறைய ரூ. 5,650 ஆகிறது, மாதத்துக்கு 3,300 ஜிகாபைட்டை வீட்டிலுள்ள யாவரும், வந்த விருந்தாளி உட்பட, பங்கிட்டுக்கொள்ளலாம்.

மொபைலை விட்டுவிட முடியாது என்பதும் உண்மையே. வெளியே போகிறவருக்கு அது வேண்டும். வீட்டோடு இருக்கும் பாட்டியும் தாத்தாவும் டேட்டாவுக்கு ஏன் பணம் கட்ட வேண்டும்? பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜை எல்லாக் கம்பெனிகளும் கொடுத்தாக வேண்டும் என்று டிராய் 2024-ம் வருஷம் டிசம்பரில் உத்தரவிட்டது. அப்படிப்பட்ட ரீசார்ஜுகள் 2025 ஜனவரி முதல் கிடைக்கலாயின. கடைக்காரர் இதைத் தாமாகச் சொல்ல மாட்டார்; கேட்டு வாங்க வேண்டும். வீட்டில் ஒரு கம்பி, வெளியே போகிற இருவருக்கு டேட்டா, வீட்டிலிருக்கிற இருவருக்குப் பேச்சு மட்டும் என்று பிரித்தால், நான்கு டேட்டா ரீசார்ஜ் போடும் குடும்பம் ஏறக்குறைய அதே செலவில் கம்பியையும் பெற்றுவிடலாம்.

கம்பி எட்டாத இடத்துக்கு ஆகாய மார்க்கமாக, 5-ஜி அலையில், வீட்டு இணைப்புக் கொடுக்கும் முறையும் 2023 முதல் வந்திருக்கிறது. அவ்வருஷம் செப்டம்பரில் ஜியோ அறிவித்த 30 மெகாபிட் ஆகாய இணைப்பின் விலை ரூ. 599, எல்லை 1,000 ஜிகாபைட். கம்பியில் அதே வேகம் ரூ. 399 என்பதை நினைத்துப் பார்த்தால், சில செயலிகள் சேர்ந்திருந்தபோதிலும், கம்பி வந்த தெருவில் இதை வாங்க முகாந்தரமில்லை. கம்பி வராத தெருவிலோ இதுவே வரப்பிரசாதம்.

கம்பி வராத தெரு என்று சொன்னோம். அதுதான் இந்த விஷயத்தின் மர்மஸ்தானம். 2024-ம் வருஷ முடிவில் நம் தேசத்தில் பிராட்பேண்ட் சந்தாக்கள் 94 கோடியைத் தாண்டின. அவற்றில் கம்பி வழியாக வருபவை ஏறக்குறைய 4 கோடிதான். நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. கணக்குப்படி எது குடும்பத்துக்கு மிகவும் லாபமோ அது மிகச் சிலருக்கே கிடைத்திருக்கிறது. மொபைல் திரையின் மூலம் படிப்பதே பெரும்பாலான குழந்தைகளின் தலையெழுத்தாக இருக்கிறது. கொள்ளைநோய்க் காலத்தில், 2019-ல் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சியின் மூலம் தமிழ்நாட்டுச் சர்க்கார் பாடங்களை ஒளிபரப்பியது. இன்டர்நெட் இல்லாத வீடுகள் எத்தனை என்பதை அந்த ஏற்பாடே ஒப்புக்கொண்டது.

விலை எட்டுமா என்பதையும் பார்க்க வேண்டும். ஐக்கிய நாடுகளின் பிராட்பேண்ட் கமிஷன் 2018-ல் ஒரு லட்சியத்தை வகுத்தது: ஆரம்பநிலை பிராட்பேண்டின் விலை, வளரும் நாடுகளில் தலைக்குரிய சராசரி மாத வருமானத்தில் 100-க்கு 2-க்குக் கீழே 2025-க்குள் வர வேண்டும் என்பது அது. சராசரி என்பது பணக்காரரையும் ஏழையையும் கூட்டி வகுத்த எண். அதைக் கொண்டு ஏழையின் அடுப்பு எரியாது. அதே அளவுகோலை ஒரு குடும்பத்தின் மேல் வைத்துப் பார்த்தால், ரூ. 470.82 என்பது 100-க்கு 2 ஆக இருக்க மாத வருமானம் ரூ. 23,500-க்கு மேல் வேண்டும். நூறு நாள் வேலைத் திட்டத்தில் 2025-26-ம் வருஷத்துக்குத் தமிழ்நாட்டுக்கு நிர்ணயிக்கப்பட்ட தினக்கூலி ரூ. 336. அந்தக் கூலியில் ஏறக்குறைய ஒன்றரை நாள் உழைப்பு மிகக் குறைந்த சந்தாவுக்கே போய்விடும்.

வழி இல்லாமலில்லை. கேரள சர்க்காரின் கே-ஃபோன் 2023-ம் வருஷம் ஜூன் 5-ந் தேதி தொடங்கப்பட்டது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ள 20 லட்சம் குடும்பங்களுக்கு இலவச இணைப்பு என்பது அதன் லட்சியம்; அதை எட்ட இன்னும் நெடுந்தூரம் போக வேண்டும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. கட்டணம் கொடுப்பவர்களுக்கு அது அப்பொழுது அறிவித்த விலைப்பட்டியல் கவனிக்கத்தக்கது: 20 மெகாபிட் மாதம் ரூ. 299, 100 மெகாபிட் ரூ. 599, வரி தனி, ஆறு மாதச் சந்தாவை முன்கூட்டிக் கட்ட வேண்டும். ரூ. 299 என்பது வரியுடன் ரூ. 352.82. நாம் மேலே கணக்கிட்ட குடும்பத்தின் 15 மெகாபிட் இதில் அடங்கிவிடுகிறது. பொது ஸ்தாபனம் ஒன்று சந்தையில் நின்றால், அதனிடம் வாங்காதவருக்குங்கூட விலை கட்டுக்குள் நிற்கும். பி.எஸ்.என்.எல்.லின் சேவையில் ஆயிரம் குறை சொல்லுவோர், அது இல்லாத சந்தையில் விலை என்னவாகும் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஒழுங்குமுறை ஆணையம் செய்யக்கூடியதும் உண்டு. 2024-ம் வருஷம் ஆகஸ்டில் அது வெளியிட்ட சேவைத் தர விதிகளின்படி, பணம் கட்டிய ஏழு நாளுக்குள் 100-க்கு 98 இணைப்புகள் கொடுக்கப்பட வேண்டும். வீட்டு இணைப்பில் ஏற்பட்ட பழுது மூன்று நாளுக்குமேல் நீடித்தால் சந்தாதாரருக்கு ஈடு கொடுக்க வேண்டும். இந்த உரிமையை அறிந்து கேட்பவர் எத்தனை பேர்? புகார் எண்ணை எழுதி வைத்துக்கொண்டு, தீராவிட்டால் கம்பெனியிலேயே உள்ள அப்பீல் அதிகாரிக்கு மனுச் செய்யலாம். ஈட்டுத் தொகை அற்பமாக இருக்கலாம். ஒரு தெருவில் ஐம்பது பேர் கேட்டால் மறுமுறை பழுது பார்ப்பவர் சீக்கிரம் வருவார். இத்துடன், எல்லா விளம்பரங்களிலும் மிகக் குறைந்த சந்தாவை, வரி சேர்த்த தொகையுடன், பெரிய எழுத்தில் முதலில் அச்சிட வேண்டும் என்றும், மாலை ஏழு மணி முதல் பதினோரு மணி வரை கிடைத்த சராசரி வேகத்தை வட்டாரவாரியாக மாதந்தோறும் வெளியிட வேண்டும் என்றும் ஆணையம் விதித்தால், குடும்பஸ்தர் கையில் ஒரு தராசு கிடைத்துவிடும்.

தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளுக்குக் கண்ணாடி இழைக் கம்பி கொண்டுபோகும் வேலையை டான்ஃபிநெட் என்ற சர்க்கார் ஸ்தாபனம் பாரத்நெட் திட்டத்தின்கீழ் ஏற்றது. 2011-ல் வேறு பெயரில் தொடங்கிய அந்த அகில இந்தியத் திட்டம் எத்தனையோ கெடுக்களைத் தாண்டிவிட்டது. ஊராட்சி அலுவலகத்தின் சுவர் வரை கம்பி போவதுடன் வேலை முடிந்ததாகாது. அங்கிருந்து காலனி வரையிலுள்ள கடைசி அரை மைலை யார் இழுப்பது, கம்பத்துக்கு வாடகை யார் கொடுப்பது, மாதம் என்ன வாங்குவது என்ற மூன்றையும் சர்க்கார் இந்த வருஷமே தீர்மானித்து, ஊராட்சிவாரியாக விலையுடன் வெளியிட வேண்டும்.